பூச்சியத்தை இட்டுப் பார்த்தல்

சார்புச் சமன்பாடு எனப்படும் கணிதப் பகுதியைக் குறித்து இந்நாட்டுக் கல்வியுலகில் மூன்று கூற்றுக்கள் வழங்குகின்றன. மாறிகளுக்குப் பூச்சியம், ஒன்று, தம்முட் சமமான எண்கள் என எளிய பெறுமானங்களைப் பிரதியிட்டு அத்தகைய சமன்பாடுகளைத் தீர்ப்பது ஒரு தந்திரம். அதனை மனனஞ் செய்தாற் போட்டிப் பரீட்சையிற் புள்ளி பெறலாம் என்பது தனியார் வகுப்புக்களின் கூற்று. அது வெறும் ஊகம். ஓரிரு எண்களை இட்டுப் பார்த்து முடிவு கட்டுவது கணிதமாகாது என்பது கற்றோர் சிலரின் கூற்று. மூன்றாவது கூற்றை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆசிரியரை நியமிக்கும் முறையிலும், உயர்தர வகுப்பில் எப்பாடசாலைக்கு எப்பிரிவு என வகுக்கும் முறையிலும் அது செயலாகவே வெளிப்படுகின்றது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இத்தகைய கணிதம் வேண்டாதது என்பதே அது. முதலிரு கூற்றுக்களும் அறியாமையின்பாற்பட்டவை, மூன்றாவது அநீதியின்பாற்பட்டது. மூன்றுக்கும் உரிய மறுப்பு ஒரே இடத்திற் கிடைக்கின்றது. அவ்விடம் கொழுந்து நிறுக்கும் தராசு.

தராசுக்குச் செல்லுமுன் பொருளைச் சிறிது விளக்குதல் வேண்டும். சாதாரண சமன்பாட்டில் அறியப்படாதது ஓர் எண். ஓர் எண்ணின் இருமடங்குடன் மூன்றைக் கூட்டப் பதினொன்று வருமெனின், அவ்வெண் நான்கு. சார்புச் சமன்பாட்டிலோ அறியப்படாதது ஒரு விதி. எண்ணொன்றை வாங்கி வேறோர் எண்ணைத் திருப்பித் தரும் விதியே சார்பு. அவ்விதி யாதெனத் தெரியாது; அதன் நடத்தை பற்றிய ஒரு செய்தி மட்டுமே தெரியும். அச்செய்தியைக் கொண்டு விதியைக் கண்டுபிடித்தல் வேண்டும். முகந் தெரியாத ஒருவரைப் பழக்கவழக்கங்களைக் கொண்டு இன்னாரென அடையாளங் காண்பது போன்ற முயற்சி இது.

இவற்றுள் மிகப் புகழ்பெற்றது, பிரெஞ்சுக் கணிதவறிஞர் கோஷி 1821 ஆம் ஆண்டு வெளியிட்ட பகுப்பாய்வு நூலில் ஆராய்ந்த சமன்பாடாகும். ச என்பது அறியப்படாத சார்பாயின், க, ப எனும் எல்லா எண்களுக்கும்

ச(க + ப) = ச(க) + ச(ப)

என்பதே அது. இரண்டைக் கூட்டியபின் விதியை ஏவினாலும், விதியைத் தனித்தனி ஏவியபின் கூட்டினாலும் விடை ஒன்றே என்பது இதன் பொருள்.

இனி எளிய பெறுமானங்களை இடுக. க, ப இரண்டுக்கும் பூச்சியத்தை இட, ச(0) = ச(0) + ச(0) ஆகும். தன்னோடு தன்னைக் கூட்டத் தானாகவே நிற்கும் எண் பூச்சியம் ஒன்றே; ஆதலின் ச(0) = 0. ப இன் இடத்தில் க இன் மறை எண்ணை இட, ச(−க) = −ச(க) எனக் கிடைக்கும். இரண்டையுஞ் சமமாக்க, ச(2க) = 2ச(க). அதனோடு மேலும் ஒரு க ஐக் கூட்ட மும்மடங்கு, அவ்வாறே எம்மடங்கும். ஒன்றை ஏழு சமபங்காக்கி, அப்பங்குகள் ஏழையுங் கூட்டினால் ச(1) வருதல் வேண்டும். ஆகவே ஏழிலொன்றுக்குரிய பெறுமானம் ச(1) இன் ஏழிலொன்று. இவ்வாறு பின்னங்கள் அனைத்துக்கும் விதி வெளிப்பட்டு விடுகின்றது. ச(1) என்ற ஒரேயொரு எண்ணை அறிந்தாற் போதும். ஏனைய பின்னங்கள் யாவும் அதன் விகிதப்படியே நடக்கும். கூட்டலும் பெருக்கலும் அறிந்த எந்த மாணவரும் ஒரு பாடவேளைக்குள் இவ்வளவையுஞ் செய்து முடிக்கலாம்.

இதனை ஊகம் என்போர் ஓர் அடிப்படை வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர். சமன்பாட்டின் முன்னர் நிற்கும் "எல்லா எண்களுக்கும்" என்ற தொடரே இங்கு உயிர்நாடி. அது ஒரு நிறைவெடுப்பு. எல்லா மனிதரும் இறப்பவர் என்பதிலிருந்து இம்மனிதர் இறப்பவர் எனப் பெறுவது வலிதான அனுமானம் என்பதை அளவையியலின் முதற் பாடத்திலேயே கற்கின்றோர், எல்லா எண்களுக்கும் மெய்யானது பூச்சியத்துக்கும் மெய்யென்று பெறுவதை மட்டும் ஊகமெனல் எவ்வாறு பொருந்தும்? பூச்சியத்தை இடுதல் நிறைவெடுப்பிலிருந்து தனிக்கூற்றுக்கு இறங்குதல். அவ்விறக்கத்தில் ஐயத்துக்கு இடமில்லை. ஐயம் எழுவது தனிக்கூற்றுக்களிலிருந்து பொதுக்கூற்றுக்கு ஏறும்போதே. பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் பொருந்திய விதி எல்லாவற்றுக்கும் பொருந்துமெனச் சாதிப்பவன் தவறிழைக்கின்றான். அத்தவறு அவனுடையது, முறையின் தலையிற் சுமத்துதல் முறையன்று. விடையெனக் கண்டதை மீண்டும் மூலச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்த்தலும் முறையின் பகுதியே. இறங்கும்போது கிடைப்பது அவசிய நிபந்தனை. சரிபார்க்கும்போது கிடைப்பது போதிய நிபந்தனை. தனியார் வகுப்புக்களிற் பெருந்தொகையாக விற்பனையாகும் குறிப்புக்கள் முதற்பாதியைத் தந்திரப் பட்டியலாக்கிப் பின்பாதியை விட்டுவிடுகின்றன. தந்திரம் என்ற அவப்பெயர் ஏற்பட்டதற்கு அவையே பெரிதும் பொறுப்பு.

இனித் தராசு.

மலையகத் தோட்டங்களிற் கொழுந்து நாளொன்றுக்குப் பெரும்பாலும் இருமுறை அல்லது மும்முறை நிறுக்கப்படுகின்றது. நிறுக்கும்போது சாக்குக்கென்றும், இலையில் ஒட்டிய நீருக்கென்றும் ஒரு தொகை கழிக்கப்படுவது நெடுங்கால வழக்கம். கழிவு நியாயத்துக்கு மிஞ்சியதென்ற முறைப்பாடும் அவ்வழக்கத்தைப் போலவே நெடுங்காலத்தது. அம்முறைப்பாடு வழமையாக எவ்வாறு தீர்க்கப்படுகின்றது? கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்வார். கணக்கப்பிள்ளை துரையிடம் சொல்வார். துரை, மழை நாளில் இலை நீரைச் சுமக்கும் என்பார். நீர் சுமப்பது மெய்யாதலின் பேச்சு அத்தோடு முடியும். கொய்தவள் சொல்வது அனுபவம், துரை சொல்வது கணக்கு என்ற தோற்றமே எஞ்சும்.

உண்மையில் இங்கு நடப்பது ஒரு சார்பு. கொய்த நிறையை வாங்கிப் பதியப்படும் நிறையைத் தரும் அச்சார்பை நி என்க. கழிவு நீருக்காக மட்டுமே எனின் அது இலையின் அளவோடு கூடிக் குறைதல் வேண்டும். ஏனெனிற் பத்துக் கிலோ இலையில் ஒட்டும் நீர் ஐந்து கிலோவில் ஒட்டும் நீரின் இருமடங்கு. பத்திலொரு பங்கு நீரெனக் கொண்டால், பதியப்படுவது கொய்ததன் பத்திலொன்பது பங்கு. இச்சார்பு கோஷியின் சமன்பாட்டுக்கு அமைவது. காலையில் நிறுத்ததையும் மாலையில் நிறுத்ததையும் கூட்டினாலும், இரண்டையும் ஒன்றாக்கி நிறுத்தாலும் பதிவு ஒன்றே. பூச்சியத்தை இட்டால் பூச்சியமே வரும்.

ஆனால் நிறுக்குந்தோறும் இலை எவ்வளவாயினும் ஒரே தொகை, இரண்டு கிலோ என உதாரணத்துக்குக் கொள்க, கழிக்கப்படுமெனின் நி(க) = க − 2. இங்கும் பூச்சியத்தை இடுக. வெறுஞ்சாக்கைத் தராசிற் கொழுவுக என்பதே அதன் பொருள். சாக்கின் நிறை அரைக் கிலோ எனின் முள் அரையைக் காட்டும். இரண்டைக் கழிக்க, ஒன்றரைக் கிலோ கடன். ஓர் இலையையேனும் கிள்ளுவதற்கு முன்னரே அவள் தோட்டத்துக்கு ஒன்றரைக் கிலோ கொழுந்து கடன்பட்டவளாகின்றாள். வெறுஞ்சாக்கில் நீர் இல்லை. ஆகையால் நீரைக் காரணங் காட்டவும் இயலாது. கழிவு சாக்குக்கு மட்டுமே எனின் முள் காட்டுவதும் கழிப்பதும் சமமாகிப் பூச்சியம் வந்திருத்தல் வேண்டும். நீரும் சாக்கும் கலந்து பேசப்படும் வரை தீராத வழக்கு, பூச்சியத்தை இட்டவுடன் இரண்டாகப் பிரிந்து விடுகின்றது.

வெறுஞ்சாக்கை நிறுப்பதற்குத் தராசுக்காரர் இணங்கமாட்டார் எனலாம். ஆம், இணங்கமாட்டார். அவ்வாறாயிற் சமத்தை இடலாம். ஒரே அளவான இரு பங்குக் கொழுந்தைத் தனித்தனிச் சாக்கில் நிறுத்துப் பதிந்த பின்னர், இரண்டையும் ஒரு சாக்கில் இட்டு மீண்டும் நிறுக்கச் செய்க. விகிதப்படியான கழிவாயின் வேறுபாடு இராது. வேறுபாடு இருப்பின் அவ்வேறுபாடே, சாக்கு நிறை போக மிகையாகக் கழிக்கப்படும் தொகை. மேலைய உதாரணத்தில் அது மறுபடியும் அதே ஒன்றரைக் கிலோ. ஒரு பிரதியீட்டைத் தடுத்தால் இன்னொன்று அதே உண்மையை வெளிக்கொணரும். இதைக் காட்டிலும் சிறந்த பாடவுதாரணம் எப்பாடநூலில் உண்டு?

மிகையான கழிவு நாளில் எத்தனை முறை நிறுக்கப்படுகின்றதோ அத்தனை மடங்காகும் என்பதும் இதனாற் புலனாகும். காலையில் எட்டு, நண்பகலில் ஏழு, மாலையில் ஆறு என ஒருத்தி இருபத்தொரு கிலோ கொய்தாளெனக் கொள்க. மும்முறை கழித்தபின் ஏட்டில் நிற்பது பதினைந்து. ஒரேமுறை நிறுத்திருப்பின் பத்தொன்பது. பேர் விழுவதற்குப் பதினெட்டுக் கிலோ வேண்டுமெனின், முதற்கணக்கில் அவளுக்கு அரைப்பேர்; இரண்டாங் கணக்கில் முழுப்பேர். அவள் கை ஒன்றே, இலை ஒன்றே. நிறுத்த தடவைகளின் எண்ணிக்கையே அரைநாட் சம்பளத்தை விழுங்கிவிட்டது.

சம்பளமும் ஒரு சார்பே. 2021 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்டது. அதனையடுத்துப் பேருக்குரிய கிலோ உயர்த்தப்படுவதாகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. அம்முறைப்பாட்டின் கணிதவுருவம் இது: சார்பின் ஒரு பெறுமானத்தை உயர்த்திய கையே, அப்பெறுமானத்தை அடையும் புள்ளியையும் நகர்த்திவிட்டது. விளக்கத்துக்காகப் பேருக்குப் பதினெட்டுக் கிலோ, நாட்சம்பளம் 1000, குறைந்தால் அதன் பாதி, மேலதிகக் கிலோவொன்றுக்கு 40 ரூபா எனக் கொள்வோர் எளிய பெறுமானங்களை இட்டுப் பார்க்கலாம். பதினேழுக்கு 500, பதினெட்டுக்கு 1000. கடைசி ஒரு கிலோவின் விலை 500 ரூபா! பதினெட்டை இருமடங்காக்குக. முப்பத்தாறு கிலோ கொய்தவளுக்கு 1000 உம், மேலதிகப் பதினெட்டுக்கு 720 உம், ஆக 1720. அதே முப்பத்தாறை இருவர் பாதி பாதியாகக் கொய்திருப்பின் தோட்டம் 2000 கொடுத்திருத்தல் வேண்டும். வேகமாகக் கொய்தவளே 280 ரூபாவை இழக்கின்றாள்.

நாட்சம்பளம் நேரத்துக்குரியது, இலைக்குரியதன்று. ஆதலின் அதனைக் கூட்டற் சார்பாக எதிர்பார்ப்பது தவறு என நிருவாகத்தின் பக்கம் நின்று ஒருவர் வாதிடலாம். வாதம் கேட்கத் தக்கதே. நேரத்துக்குரியதெனின் அச்சார்பு மாறிலியாதல் வேண்டும். பதினேழு கிலோவுக்கும் பதினெட்டுக்கும் ஒரே தொகை கிடைத்தல் வேண்டும். இலைக்குரியதெனின் விகிதப்படி நடத்தல் வேண்டும். பதினெட்டுக்குக் கீழே இலையைப் பார்த்து வெட்டுவதும், பதினெட்டில் நேரத்தைப் பார்த்து நிறுத்துவதும், மேலே மீண்டும் இலையைப் பார்த்து மலிவு விலை போடுவதும் எந்த ஒரு கொள்கையின்பாற்பட்டவை? இரு கொள்கைகளுள் எது எங்கே இலாபமோ அதனை அங்கே எடுத்தாளுதல் கணிதத்தில் முரண்பாடு எனப்படும். தோட்டத்தில் அதற்குச் செக்ரோல் என்று பெயர்.

எளிய பெறுமானத்தை இட்டுப் பார்த்தல் மேனாட்டார் இறக்குமதி என்று எண்ணுவோரும் உளர். பாஸ்கரர் 1150 ஆம் ஆண்டளவில் இயற்றிய லீலாவதியில் இஷ்டகர்மம் என்றொரு முறை கூறப்படுகின்றது. அறியாத எண்ணின் இடத்தில் விரும்பிய எளிய எண்ணொன்றை வைத்துக் கணக்கை நடத்தி, வந்த விடைக்கும் வரவேண்டிய விடைக்குமுள்ள விகிதத்தால் அவ்வெண்ணைத் திருத்திக் கொள்வதே அம்முறை. விதி விகிதப்படி நடக்கும் இடத்தில் மட்டுமே அது செல்லும் என்பது நோக்கற்பாலது. நிலையான கழிவு புகுந்த கணக்கில் இஷ்டகர்மம் பிழைத்துவிடும். அப்பிழையும் பயனுடையதே, எங்கோ ஒரு நிலையான தொகை ஒளிந்து கிடக்கின்றதென அது காட்டிக் கொடுக்கும்.

பூச்சியத்தை இடக்கூடாத இடமும் உண்டு. மடக்கை அட்டவணையைப் புரட்டிய எவருக்கும் அதன் அடிப்படை தெரியும்: பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவது. நேப்பியர் 1614 இல் மடக்கையை உலகுக்கு அளித்ததும் அப்பயன் கருதியே. சமன்பாடாக எழுதின் ச(க × ப) = ச(க) + ச(ப). இரண்டுக்கும் ஒன்றை இட, ச(1) = 0. இனிப் ப இன் இடத்திற் பூச்சியத்தை இடத் துணிந்தால் ச(0) = ச(க) + ச(0) ஆகும்; ச(க) எப்போதும் பூச்சியம் என்ற வெறுமையே மிஞ்சும். பூச்சியத்துக்கு மடக்கை இல்லையென ஆசிரியர் சொல்லி மாணவர் எழுதிக்கொள்ளும் வாக்கியத்தின் காரணம் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகின்றது. காரணத்தைச் சொல்லாது வாக்கியத்தை மட்டும் சொல்லும் வகுப்பறைகளே மிகுதி.

இம்முறைக்கு எல்லை இல்லையென வாதிடுவது அறியாமையாகும். கோஷியின் சமன்பாட்டுக்கே திரும்புக. பின்னங்கள் யாவற்றுக்கும் விதி கிடைத்தது; ஆயின் இரண்டின் வர்க்கமூலம் போன்று பின்னமாக எழுதவியலாத எண்களுக்கு? அங்கே பிரதியீடு தனித்து நின்று செல்லாது. ஜேர்மானியக் கணிதவறிஞர் ஹமெல் 1905 ஆம் ஆண்டில் ஓர் அதிசயத்தை நிறுவினார். கூட்டற் சமன்பாட்டுக்கு முற்றும் அமைந்தும் விகிதப்படி நடவாத சார்புகள் உண்டு; அவற்றின் வரைபு தளமெங்கும் தூவிய புழுதி போன்று எங்கும் அடர்ந்து கிடக்கும். தெரிவு வெளிப்படையுண்மையைத் துணைக்கொண்டே அவற்றின் இருப்பு நிறுவப்பட்டது. இத்தகைய பூதங்களை விலக்க மேலுமொரு நிபந்தனை வேண்டும். கோஷி கொண்ட நிபந்தனை தொடர்ச்சி. அதனினும் எளிய நிபந்தனையும் போதும்: வாங்கும் எண் கூடும்போது தரும் எண் குறையாதிருத்தல். கொழுந்து கூடினாற் பதிவு குறையாது என்பதை எந்தத் துரையும் ஒப்புவார் ஆதலின், தராசடிக்கு ஹமெலின் பூதங்கள் வருவதில்லை. இவ்வெல்லையைச் சொல்லிக் கொடுப்பதே கணிதம். சொல்லாது மறைத்துப் புள்ளிக்கு வழிகாட்டுவது வாணிகம்.

முறை சிறுபிள்ளைத்தனமானது என்போருக்கு மற்றுமொரு சான்று. 2019 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பாத் நகரில் நடைபெற்ற சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டின் முதலாம் வினா முற்றும் இம்முறைக்குரியது. இலங்கை 1995 முதல் பங்குபற்றி வரும் போட்டி அது. நிறைவெண்களை வாங்கி நிறைவெண்களையே தரும் சார்பு ச; எல்லா நிறைவெண்கள் க, ப இற்கும்

ச(2க) + 2ச(ப) = ச(ச(க + ப))

எனின் ச யாது என்பதே வினா. வலப்பக்கத்திற் சார்புக்குள் சார்பு நிற்பதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. க இன் இடத்திற் பூச்சியத்தை இட, ச(0) + 2ச(ப) = ச(ச(ப)). ஒன்றை இட, ச(2) + 2ச(ப) = ச(ச(ப + 1)). முதல் வரியில் ப இற்குப் பதிலாகப் ப + 1 ஐ எழுதினால் இரண்டு வரிகளின் வலப்பக்கமும் ஒன்றாகிவிடும். அவ்வாறாயின் ச(0) + 2ச(ப + 1) = ச(2) + 2ச(ப). அஃதாவது அடுத்தடுத்த இரு பெறுமானங்களின் வேறுபாடு எப்போதும் ஒரே எண். ஆகவே ச ஒரு கூட்டல் விருத்திபோல் நடக்கும்: ஒரு மாறிலியை ம எனவும், தொடக்கப் பெறுமானத்தை த எனவுங் கொண்டால் ச(க) = மக + த. மூலத்தில் இட்டுச் சரிபார்க்க, ம பூச்சியமாயின் த உம் பூச்சியமாதல் வேண்டும். அன்றேல் ம இரண்டு, த எந்த நிறைவெண்ணுமாகலாம். எனவே எங்கும் பூச்சியமான சார்பும், ச(க) = 2க + த என்ற வகையுமே விடைகள். பூச்சியமும் ஒன்றும் இட்டதைத் தவிர இங்கு நடந்தது வேறில்லை. உலகின் தேர்ந்த இளங்கணிதர் கூடிய அரங்கில் வைக்கப்பட்ட வினாவுக்கு இம்முறை தகுதியுடையதெனின், தலவாக்கலை வீதியிலுள்ள வகுப்பறைக்கு அது தகுதியற்றதாவது எங்ஙனம்?

கும்பகோணத்து இராமானுஜனையும் இங்கு நினைவு கூரலாம். 1911 இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் அவர் விடுத்த வினாவொன்று, ஒன்றுக்குள் ஒன்றாக முடிவின்றி அடுக்கப்பட்ட வர்க்கமூலங்களின் பெறுமானத்தைக் கேட்டது. விடை அனுப்புவோர் இலராகவே அவரே தீர்வை வெளியிட்டார். ந, ந + 2 ஆகியவற்றின் பெருக்கத்தை ஒரு சார்பாகக் கொண்டால், அடுத்த எண்ணுக்குரிய அதன் பெறுமானத்தோடு ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலங் கண்டு, ந ஆற் பெருக்க அதே சார்பு திரும்பி வரும். ந இன் இடத்தில் ஒன்றை இட விடை மூன்று. இவ்வளவே. அம்முடிவிலா அடுக்கு உண்மையில் ஒருங்குகின்றதா என்ற கேள்விக்குரிய கண்டிப்பான நிபந்தனையைப் பின்னர் தந்தவர் விஜயராகவன் என்ற மற்றொரு தமிழர். ஒருவர் கண்டார், ஒருவர் காத்தார். கண்டவரை ஊகக்காரர் என எவரும் இகழ்ந்ததில்லை.

இனி அந்த மூன்றாவது கூற்று. பூண்டுலோயா நுவரெலியா மாவட்டத்திற் கொத்மலைப் பக்கத்துச் சிற்றூர், சுற்றிலும் தேயிலை. அறிவியல் உலகுக்கு அவ்வூர் புதியதன்று. அங்கே தேயிலைத் துரையாக இருந்த எட்வர்ட் ஏர்னஸ்ட் கிறீன் என்ற ஆங்கிலேயர் செதிற்பூச்சிகளைச் சேகரித்தாராய்ந்து, இலங்கையின் செதிற்பூச்சிகள் பற்றி 1896 முதல் 1922 வரை ஐந்து பகுதிகளாக நூல் வெளியிட்டார். பூச்சியியலாரின் ஏடுகளிற் பூண்டுலோயா என்ற பெயர் அதனால் நிலைபெற்றுவிட்டது. தேயிலைச் செடியின் பூச்சிகளுக்குப் பெயரும் வகுப்பும் கிடைத்த அதே காலத்தில், செடியைக் கொய்தோரின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ன? ஓராசிரியர் பாடசாலையும், எழுத்துக் கூட்டி வாசிப்பும், சிறு கூட்டல் கழித்தலும். 1945 இல் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் கீழேயே விடப்பட்டன. 1970 களின் பிற்பகுதியிலேயே அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. ஒரு தலைமுறையல்ல, பல தலைமுறைகள் வெளியே நிறுத்தப்பட்ட பின்னர் உள்ளே அழைக்கப்பட்டோருக்கு, உயர்தரத்தில் இணைந்த கணிதம் கற்பிக்கும் பாடசாலைகள் இன்றும் மலையகத்திற் சிலவே. எஞ்சியோர் கலைப்பிரிவுக்குச் செல்கின்றனர். பலர் விரும்பியன்று, வேறு கதவு இன்மையால்.

ஈழத்தமிழரின் கணிதப் பெருமை பேசுவோர் எலியேசரின் பெயரைத் தவறாது சொல்வர். யாழ்ப்பாணத்துப் பின்புலமும் கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் பெற்ற பயிற்சியும் உடைய அன்னார், இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் மலாயாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பேராசிரியராக விளங்கினார். பெருமை உரியதே. ஆயின் பெருமை பேசும் அரங்கில், மலைநாட்டிலிருந்து அத்தகைய பெயரொன்று ஏன் எழவில்லை என்ற வினா எழுப்பப்படுவதில்லை. எழுப்பினால், "அங்குள்ள பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை" என்ற விடை ஆயத்தமாக இருக்கும். தாய் கொய்த கிலோவும் ஏட்டிலுள்ள கிலோவும் ஏன் பொருந்தவில்லை என்பதை அடுப்படியிற் கேட்டு வளரும் பிள்ளைக்குச் சார்பில் ஆர்வமில்லை என்பது, கடற்கரைப் பிள்ளைக்கு அலையில் ஆர்வமில்லை என்பதற்கொப்பானது. ஆர்வம் உண்டு, அதற்குச் சமன்பாட்டு வடிவங் கொடுக்கும் ஆசிரியர் இல்லை.

இவ்விடத்துக் கலைப்பீடத்தார் மீதும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. கலைப்பிரிவு மாணவர் உயர்தரத்தில் தெரிவு செய்யக்கூடிய பாடங்களுள் அளவையியலும் விஞ்ஞான முறையும் ஒன்று. நிறைவெடுப்பு, அவசிய நிபந்தனை, போதிய நிபந்தனை, எதிருதாரணம், முரண்பாட்டால் நிறுவல் ஆகிய யாவும் அப்பாடத்தில் உள்ளன. சார்புச் சமன்பாட்டுக்கு வேண்டிய கருவிகளும் அவையே. கருவிப்பெட்டி கையிலிருக்க, அது எல்லா மனிதரும் இறப்பவர் என்ற ஒரே மரத்தை வெட்டுவதற்கே ஆண்டுதோறும் திறக்கப்படுகின்றது. கணிதம் தமக்குரியதன்று என்ற எண்ணத்தைப் பல்கலைக்கழகம் வந்த பின்னரும் சுமந்து திரிவோர், தம்மைக் கலைப்பிரிவுக்குத் தள்ளிய ஏற்பாட்டின் நியாயத்தைத் தாமே ஒப்புக்கொள்கின்றனர். தோட்டத்துக் கூலி பற்றி எழுதப்படும் சமூகவியற் கட்டுரைகள் பலவற்றிற் சுரண்டல் என்ற சொல் பக்கந்தோறும் உண்டு. வெறுஞ்சாக்கை நிறுத்தால் என்ன வரும் என்ற வினா இல்லை. சொல்லின் சூடு கணக்கின் குறையை ஈடுசெய்யாது. ஒன்றரைக் கிலோ என்று நிறுவியவன் முன்னால் நிருவாகம் விடையளிக்க வேண்டியிருக்கும். சுரண்டல் என்று மட்டும் எழுதியவனை அது வாசிக்கவும் வேண்டியதில்லை.

இணைந்த கணித ஆசிரியர் மலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டுமென்பதும் ஏற்கத்தக்கதன்று. ஆசிரியரைக் கோருவது தொடரட்டும். அதற்கிடையில் அளவையியல் நடக்கும் வகுப்பிலேயே இதனைத் தொடங்கலாம். பத்தாம் பதினோராம் தரங்களிலும் தொடங்கலாம். பிள்ளைகள் வீட்டிலுள்ள கொழுந்துத் துண்டுகளை ஒரு வாரத்துக்குச் சேர்த்து, தடவைக்குத் தடவை பதியப்பட்ட நிறைகளை நிரலாக எழுதி, கூட்டற் சமன்பாடு எவ்விடத்தில் உடைகின்றதெனக் காணட்டும். கடையொன்றிலிருந்து இரவல் பெற்ற கைத்தராசும் ஒரு வெறுஞ்சாக்கும் போதும். அடுத்த வாரம் பாத் நகரத்து வினாவைக் கரும்பலகையில் எழுதலாம். அதற்கு வேண்டியவை நிறைவெண்களும், கூட்டலும், பூச்சியத்தை முதலில் இடவேண்டுமென்ற எண்ணமுமே.